வாளிக்குள் இருந்த 33 டொலர்

போன கிழமை ஒரு நண்பர் தொலைபேசியில் கேட்டார், குற்றிக்காசைத் தராசில் நிறுத்தே கணக்கெடுத்துவிடலாம்தானே, ஏன் நீங்கள் இன்னும் மேசையில் கொட்டி எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்று. ரொறன்ரோவுக்கு வெளியே, காசு போட்டு அவரவரே கார் கழுவிக்கொள்ளும் இடம் ஒன்றை அவர் புதிதாக வாங்கியிருக்கிறார். நிறுக்கலாம், ஆனால் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். வெளியே வரிசையில் கார்கள் நின்றதால் அதற்கு மேல் பேச முடியவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன், இந்தத் தொழிலில் இருக்கிற வேறு யாருக்காவது உதவலாம்.

இந்த இடங்களைப் பார்க்காதவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். மூன்று பக்கமும் சுவர் வைத்த, காரோடு உள்ளே நுழையக்கூடிய தடுப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் 'பே' என்போம். எங்களிடம் ஆறு. சுவரில் ஒரு இரும்புப் பெட்டி, அதில் காசு போடும் வாய். காசு விழுந்ததும் நேரம் ஓடத் தொடங்கும், நீங்கள் துப்பாக்கி போன்ற குழாயைக் கையில் எடுத்து சவர்க்காரத் தண்ணீர், நுரை, நல்ல தண்ணீர் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக் கழுவ வேண்டியதுதான். காசாளர் இல்லை, பற்றுச்சீட்டு இல்லை. ஒரு கிழமை முழுக்க வந்துபோனவர்கள் எல்லாருடைய கணக்கும் அந்தப் பெட்டிகளுக்குள் ஒரு ஈரமான குவியலாகக் கிடக்கும். அதைச் சரியாக எண்ணவில்லை என்றால் உங்களுக்கு வேறு கணக்கே கிடையாது. வரியும் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான். ஒன்ராறியோவில் 13 சதவீத எச்எஸ்டி என்கிற விற்பனை வரி வாடிக்கையாளர் போடுகிற காசுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது, 1000 டொலர் எண்ணினால் அதில் 115 டொலர் அரசாங்கத்துக்குப் போக வேண்டியது.

நான் ஸ்காபரோவில் ஒரு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தது 2013 இலையுதிர் காலத்தில். முதலாளி எங்கள் ஊர்ப்பக்கத்தவர், எல்லாருக்கும் அண்ணை. நல்ல மனிதர், இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. வார நாட்களில் நான், சனி ஞாயிறுகளில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி. ஞாயிறு இரவு நானும் தம்பியும் பெட்டிகளைத் திறந்து காசை வாளியில் கொட்டி அலுவலக அறைக்குக் கொண்டுவருவோம். இரண்டு டொலர்க் காசு, அதுதான் டூனி, நிறம் இரண்டாக இருப்பதால் உடனே தெரியும், அதைக் கையால் பொறுக்கி எடுத்து இருபத்தைந்து இருபத்தைந்தாக அடுக்கிவிடுவோம். மிச்சம் எல்லாம் ஒரு டொலர் லூனி. அதைத் தராசில் வைப்போம். தராசில் ஒரு காசு 7 கிராம் என்று பதிந்து வைத்திருந்தார்கள், வாளியை வைத்தால் இத்தனை காசு என்று எண்ணிக்கையாகவே காட்டும். கால் மணித்தியாலத்தில் வேலை முடிந்தது.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு மீட்டர் இருக்கிறது, அதைத் திருப்பிச் சுழியத்துக்குக் கொண்டுவர முடியாது. ஒவ்வொரு டொலருக்கும் ஒரு எண் ஏறும், டூனி போட்டால் இரண்டு ஏறும். இந்தக் கிழமை எண்ணிலிருந்து போன கிழமை எண்ணைக் கழித்தால் உள்ளே எவ்வளவு விழுந்தது என்று தெரிந்துவிடும். நான் சேர்ந்த மாதம் அந்தக் கணக்குக்கும் தராசுக் கணக்குக்கும் இடையில் முப்பது நாற்பது டொலர் வித்தியாசம் இருந்தது. ஈரக் காசு, எங்கேயாவது சிக்கியிருக்கும் என்று விட்டுவிட்டோம். நவம்பரில் ஐம்பது. டிசம்பரில் அறுபது.

அந்த டிசம்பர் ரொறன்ரோவில் இருந்தவர்களுக்கு மறக்காது. நத்தாருக்கு முன் வந்த பனிக்கட்டி மழையில் மரங்கள் முறிந்து கம்பிகள் மேல் விழுந்து, எத்தனையோ வீடுகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அதன் பிறகு வீதியெல்லாம் உப்பு. கார்கள் வெள்ளை பூசினது போல் இருந்தன. இந்தத் தொழிலில் நல்ல நாள் என்பது கோடை வெயில் நாள் அல்ல, பனி கொட்டி உப்புப் போட்ட பிறகு சூடு சுழியத்துக்குக் கொஞ்சம் மேலே ஏறி வெயிலும் வருகிற நாள்தான். அப்படி ஒரு ஞாயிறு ஜனவரியில் வந்தது. காலையிலிருந்து வரிசை வீதி வரைக்கும் நின்றது. இரவு எண்ணினால் மீட்டரை விட 70 டொலருக்கு மேல் குறைவு.

அண்ணை அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, கூடிக்கொண்டு போகுது. எடுக்கிறவனுக்குத் துணிவு வந்திட்டுது போல" என்றார். யாரைச் சொல்கிறார் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

இதை எழுதும்போதும் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. நானும் அந்தக் கிழமை முழுக்க அந்தப் பிள்ளையின் ஜக்கெட் பைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் குனிந்து பெட்டியைத் திறக்கும்போது கை எங்கே போகிறது, வாளியை வைத்துவிட்டுக் கழிப்பறைக்கு ஏன் போனான் என்று. மெதுவாகத் தொடங்கி மாதாமாதம் கூடுகிற குறைவு, களவைப் போலத்தான் இருக்கும். அவனுக்கும் விளங்கிவிட்டது. ஞாயிறு இரவு கடைசிப் பெட்டியைப் பூட்டிவிட்டு சாவியை என் கையில் தந்து, "நான் ஒரு சதமும் எடுக்கேல்லை அண்ணா. இனிமேல் நீங்களே திறவுங்கோ, நான் தள்ளி நிக்கிறன்" என்றான். பத்தொன்பது வயது. குரல் உடைந்துபோய் இருந்தது.

எனக்கு உண்மை தெரிய வந்தது காசுப் பெட்டியால் அல்ல, மாற்று மெஷினால். தாளைப் போட்டால் லூனியாகத் தருகிற மெஷின் ஒன்று எங்கள் அறைச் சுவரில் இருக்கிறது. பேயிலிருந்து வருகிற லூனிகளில் பெரும்பகுதி வங்கிக்குப் போவதில்லை, திரும்ப அந்த மெஷினுக்குள்தான் போகும். ஒரே காசு கிழமைக்குக் கிழமை சுவருக்கும் வாளிக்கும் இடையில் சுற்றிக்கொண்டிருக்கும். அதை நிரப்புவதும் தாள்களை எடுப்பதும் அண்ணை மட்டும்தான், அந்தச் சாவி வேறு யாரிடமும் இல்லை. அதற்கு அவர் ஒரு சின்னக் கொப்பி வைத்திருந்தார். பெட்டிக் கணக்கு என் கொப்பியில். இரண்டு கொப்பியும் ஒரே இலாச்சியில்தான் கிடந்தன, ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து யாரும் பார்த்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வெளியே மறை இருபது, பேக்களை மூடிவிட்டோம், குழாய் உறையாமல் இருக்கத் தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. வேலை இல்லாததால் இரண்டையும் விரித்து வைத்துப் பார்த்தேன். மாற்று மெஷினில் ஒவ்வொரு கிழமையும் தாள் கூடுதலாக இருந்தது. தராசு காட்டினபடி 950 காசு போட்டதாக எழுதியிருக்கும், 980 டொலர் தாள் எடுத்ததாக எழுதியிருக்கும். அண்ணை அதைப் பெரிதாக எடுக்கவில்லை, கூடுதல்தானே, முதல் கிழமை மிச்சமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். குறைவு வந்தால் எல்லாரும் தேடுகிறோம், கூடுதல் வந்தால் தேடுவதில்லை. அந்தப் பக்கம் கூடுகிற தொகையும் இந்தப் பக்கம் குறைகிற தொகையும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போவது போல இருந்தது.

காசு குறையவே இல்லை. தராசு குறைத்துச் சொல்கிறது.

அண்ணையைக் கூப்பிட்டேன், தம்பியையும் வரச் சொன்னேன். மேசையில் துவாயை விரித்து ஒரு வாளி லூனியைக் கொட்டினோம். ஊரில் எங்கள் அப்பப்பா தேங்காய் எண்ணும்போது இரண்டு கையாலும் இரண்டிரண்டாக எடுத்துப் போட்டு, நூறு முடிந்ததும் ஒரு ஈர்க்கை ஒடித்துப் பக்கத்தில் வைப்பார், நடுவில் யார் பேச்சுக் கொடுத்தாலும் கணக்குத் தவறாது. நாங்களும் அப்படியே செய்தோம். இருபத்தைந்தாக அடுக்கி, நான்கு அடுக்குச் சேர்ந்ததும் ஒரு தீக்குச்சி. பத்துத் தீக்குச்சி வந்ததும் நிறுத்தினோம். சரியாக 1000 காசு. தம்பிதான் திரும்ப ஒருமுறை எண்ணினான், அவனே எண்ண வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. அதே ஆயிரம். அதை அப்படியே அள்ளித் தராசில் வைத்தோம்.

967 என்று காட்டியது.

மூன்று பேரும் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் தம்பிதான் காசுகளை விளக்குக்குக் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லூனி 1987-ல் வந்தது, பதினொரு மூலை, ஒரு பக்கம் லூன் பறவை. அந்தப் பறவைக்கு மேலே சில காசுகளில் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் மேப்பிள் இலை. சிலவற்றில் அது இல்லை. வட்டம் இருந்ததெல்லாம் 2012 அல்லது 2013. 2012 ஏப்ரலில் கனடா நாணயச் சாலை லூனியையும் டூனியையும் மாற்றியது. லூனியை, நிக்கலை விட்டு, உருக்குக் கட்டைக்கு மேல் பித்தளை பூசினதாகச் செய்தார்கள். அளவு அதேதான், 26.5 மில்லிமீற்றர். நிறைதான் மாறியது. பழைய லூனி 7 கிராம், புதியது 6.27. கையில் தனியாகப் பிடித்தால் வித்தியாசம் தெரியாது.

அந்த ஆயிரத்தைப் பிரித்தோம். புதியது 312. ஒவ்வொன்றும் 0.73 கிராம் குறைவு என்றால் 312-க்கு ஏறக்குறைய 228 கிராம், அதை ஏழால் பிரித்தால் 32 சொச்சம் காசு. தராசு விழுங்கின 33 டொலர் அதுதான். புதுக்காசு புழக்கத்தில் கூடக் கூட எங்கள் 'களவும்' கூடியிருக்கிறது. மாதாமாதம் ஏறினதற்குக் காரணம் அவ்வளவுதான்.

எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் ஒன்று. 2012-ல் புதுக்காசு வரப்போகிறது என்று தெரிந்து, காசு வாங்குகிற வாய் ஒவ்வொன்றையும் அண்ணை ஆள் வைத்து மாற்றியிருந்தார். அந்த வாய் காசின் உலோகத்தை மின்காந்தத்தால் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்ளும், மாற்றாவிட்டால் புதுக்காசைத் துப்பிவிடும், வாடிக்கையாளர் சத்தம் போடுவார். அதற்குச் செலவழித்தார். தராசு சத்தம் போடவில்லை, அது பாட்டுக்கு ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது, நாங்களும் அதை நம்பி ஒரு பிள்ளையைச் சந்தேகப்பட்டோம்.

அண்ணை அன்றைக்கே அவனிடம் மன்னிப்புக் கேட்டார், என் முன்னாலேயே கேட்டார். நானும் கேட்டேன். அவன் படிப்பு முடியும் வரைக்கும் எங்களோடுதான் வேலை செய்தான். இப்போது குடும்பமாகிவிட்டான், பனிக்காலத்தில் காரைக் கொண்டுவந்து 2ஆம் பேயில்தான் நிறுத்துவான்.

சரி, நண்பர் கேட்டதற்கு வருகிறேன். இப்போது தராசை 6.27-க்கு மாற்றிவிட்டால் போதாதா? போதாது. எங்கள் வாளியில் இப்போது பெரும்பாலும் புதுக்காசுதான், ஆனால் பழையது இன்னும் வருகிறது, செல்லுபடியும் ஆகிறது. ஆயிரத்தில் நூறு பழையது இருந்தால் தராசு 11, 12 டொலரைக் கூட்டிக் காட்டும். அதோடு ஈரம், காருக்குள் தூசு இழுக்கிற வக்யூம் மெஷினின் பெட்டிக் காசுகளில் ஒட்டியிருக்கிற மண், சவர்க்காரப் பிசுக்கு எல்லாம் நிறைதான். டூனியிலும் இதே கதை, பழையது 7.3 கிராம், புதியது 6.92. ஆகவே தராசை நான் தூக்கி எறியச் சொல்லவில்லை, எண்ணி முடித்த பிறகு பெரிய பிழை இருக்கிறதா என்று பார்க்க மட்டும் வையுங்கள்.

எண்ணும் மெஷின் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், நாங்களும் பிறகு வாங்கினோம். அது காசின் விட்டத்தைப் பார்த்துப் பிரிக்கும், நிறையைப் பற்றிக் கவலைப்படாது. ஆனால் ஈரக் காசை மட்டும் அதற்குள் போடாதீர்கள். இரண்டு காசு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு போனால் ஒன்றாக எண்ணும் அல்லது சிக்கி நிற்கும். நாங்கள் துவாயில் பரப்பி மேசை விசிறியைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிப்போம், குடித்து முடிக்கக் காய்ந்திருக்கும். அந்த நேரத்தில் கண்ணால் ஒருமுறை பார்த்தால் வொஷர், அமெரிக்கக் காசு, விளையாட்டு மெஷின் வில்லை எல்லாம் பொறுக்கி எடுத்துவிடலாம். டூனிகளைத் திருப்பிப் பாருங்கள். ரொறன்ரோப் பக்கம் வங்கிகள் வழியாகப் புழங்கின கள்ள டூனிகள் ஏறக்குறைய 10,000-ஐ கனடாவின் மத்திய பொலிசான ஆர்சிஎம்பி 2022-ல் பிடித்தார்கள். டூனியின் ஒரு பக்கத்தில் இருப்பது பனிக்கரடி, கள்ளக் காசில் அந்தக் கரடியின் முன்கால் விரல் பிளந்தது போல் இருக்கும். நாங்களும் இரண்டு மூன்றைக் கண்டிருக்கிறோம்.

எண்ணுவதை விட முக்கியம் திறக்கிற ஒழுங்கு. முதலில் மீட்டர் எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள், பிறகுதான் காசை வெளியே எடுக்க வேண்டும். ஒரு பேயின் காசு ஒரு வாளிக்குள், வாளியில் அந்தப் பேயின் இலக்கம், எண்ணி முடியும் வரைக்கும் வேறு வாளியோடு சேர்க்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் பிழை எந்தப் பேயில் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. எப்போதும் இரண்டு பேர், ஒருவர் எண்ண மற்றவர் எழுத வேண்டும். இது நம்பிக்கை இல்லாததால் அல்ல. தனியாக எண்ணினவனுக்கு நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் அவன் பக்கம் பேச ஒரு ஆள் வேண்டும், அந்தத் தம்பிக்கு நான் அப்படிப் பேசியிருக்க வேண்டும்.

இன்னொன்று, காசு சிக்கிவிட்டது என்று வாடிக்கையாளர் வந்து சொல்வார், நீங்கள் போய்ப் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கிற பொத்தானை அமத்தி நேரம் கொடுப்பீர்கள். எங்கள் மெஷினில் அதற்கும் மீட்டர் ஏறும், ஆனால் பெட்டியில் காசு விழாது. திருத்த வருகிறவர் சோதித்துப் பார்த்தாலும் அப்படித்தான். அதை அந்த நிமிடமே எழுதாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அதுவும் குறைவாகத்தான் தெரியும். எல்லாப் பெட்டிக்குள்ளும் ஒரு சின்ன அட்டையும் நூலில் கட்டின பென்சிலும் வைத்திருக்கிறேன். மாற்று மெஷின் கணக்கும் இப்போது தனிக் கொப்பியில் இல்லை, அதே பக்கத்தில் அடுத்த நிரலில் எழுதுகிறோம். கூடுதல் வந்தாலும் காரணம் தெரியும் வரைக்கும் பக்கத்தை மூடுவதில்லை.

போன ஞாயிறு 4ஆம் பேயில் 3 டொலர் குறைவு. அட்டையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இப்போது என்னோடு வேலை செய்கிற பிள்ளை, புதிதாகச் சேர்ந்தவள், முகம் மாறிவிட்டது. வா பார்ப்போம் என்று கைவிளக்கை எடுத்துக்கொண்டு திரும்பப் போனோம். பெட்டியைத் திறந்து காசு இறங்குகிற குழாயைக் கழற்றினால், வளைவில் ஒரு பத்துச் சதக் காசு குறுக்காக நிற்கிறது, அதன் மேல் ஒரு டூனி, அதற்கு மேல் ஒரு லூனி. அவளே விரலை விட்டுத் தட்டி எடுத்தாள். அறைக்கு வந்து 3-ஐ வெட்டிவிட்டுப் பக்கத்தில் 0 என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். பத்துச் சதத்தை இலாச்சியில் போட்டாள்.